பதில் இல்லையென்றால் ஆள் இருக்கிறார்

என் மனைவியைப் பற்றி எழுத உனக்கென்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், பத்தொன்பது வருடமாக அவளிடம் திட்டு வாங்கி வருகிறேன், அது போதாதா என்பேன். காலையில் வீட்டில், பகல் முழுக்க ஃபோனில். நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. ஒன்பது மெக்கானிக்குகள், நூற்று நாற்பது கட்டடங்கள், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஃபோன் அறை. நான் மெக்கானிக். அவள் ஃபோன் அறை. லிஃப்ட் நின்றுவிட்டால் ஜனங்கள் அவளைக் கூப்பிடுவார்கள், அவள் எங்களை விரட்டுவாள். மெக்கானிக்குகள் அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் மேலிடம். மற்ற எட்டுப் பேருக்கும் சாயங்காலம் ஆறு மணியோடு மேலிடத்தின் தொல்லை முடிந்துவிடும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ரேடியோ. ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடுவேனாம். பொறாமைக்காரர்கள், விடுங்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு சம்பவம் நடந்தது. மின்சாரம் போய் ஒருவர் தன் சின்ன மகளோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கும்மிருட்டு. குழந்தை வீறிட்டு அழுகிறது. ஃபோன் அறையில் ஒட்டியிருந்த காகிதத்தில் "அவசரப் பொத்தானை அழுத்தச் சொல்லவும்" என்று இருந்தது. இவளும் சொன்னாள். அவர் கத்தினார்: "எந்தப் பொத்தான்மா? என் கையே எனக்குத் தெரியல!" இவளுக்கும் தெரியாது. அந்த லிஃப்டை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கு மெக்கானிக் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. நாற்பது நிமிடமும் அந்தக் குழந்தையின் அழுகை இவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாளிலிருந்து தன் விடுமுறை நாட்களில் ஒவ்வொரு கட்டடமாகப் போய் லிஃப்டுக்குள் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சுவரைத் தடவிப் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கட்டடம் கட்டடமாகக் கதவைத் திறந்துவிட்டு டார்ச் பிடித்தவன் நான். எட்டாவது கட்டடத்தில் காதல் வந்துவிட்டது, எனக்கு. அவளுக்கு முப்பதாவது கட்டடத்துக்கு அப்புறம்தான் வந்ததாகச் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு லிஃப்டில் மாட்டியவர்களிடம் அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். "கதவப் பாத்து நில்லுங்க. வலது கைய நீட்டுங்க. செவுத்துல ஒரு தகடு தட்டுப்படும். மேலேர்ந்து கீழ தடவிட்டே வாங்க. கடைசிப் பொத்தான் மட்டும் கொஞ்சம் குழியா இருக்கும். அத அமுக்குங்க. மணி அடிச்சாதான் அமுங்குனதா அர்த்தம். அடிக்கலன்னா இன்னும் அமுக்குங்க." இருட்டில் நிற்கிறவனுக்கு நாம் சொல்வது மட்டும்தான் தெரியும், சொல்லாதது எதுவும் தெரியாது என்பாள். இருபத்துமூன்று வருடம் அவள் செய்த வேலை இதுதான்.

இனி பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. ஃபோன் அறையின் சுவரில் ஒரு பெரிய மரப்பலகை. அதில் நூற்று நாற்பது ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கட்டடத்தின் எண் எழுதிய அட்டை. மெக்கானிக் எவனாவது லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறினால், ஏறும் முன் ஃபோன் செய்து கட்டட எண்ணைச் சொல்லி "ஏறிட்டேன்" என்பான். இவள் அந்த அட்டையைத் திருப்பிவிடுவாள், பின்பக்கம் சிவப்பு. வேலை முடிந்து "இறங்கிட்டேன்" என்று அவன் சொன்னால்தான் அட்டை மறுபடி வெள்ளைக்கு வரும். சிவப்பாக இருக்கும்வரை அந்த லிஃப்டை ஆபீசிலிருந்து யாரும் தொடக் கூடாது, முதலாளியாகவே இருந்தாலும்.

ஏன் என்றால், நின்றுபோன லிஃப்டை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே மறுபடி ஓட வைக்கலாம். அப்படி ஓட வைத்தால் பெட்டி, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, முதலில் நேரே உச்சிக்குப் போகும். உச்சியில் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. மேலே உட்கார்ந்திருப்பவன் என்ன ஆவான் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஏறிட்டேன், இறங்கிட்டேன் வழக்கம் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. யாரும் யாருக்கும் எழுதிக் கொடுத்ததும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் என்றால், மனிதர்கள் எல்லோருக்கும்.

போன வருடம் முதலாளி ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் வாங்கினார். ஃபோனில் புகாரைக் கேட்கும், பேசும், மெக்கானிக்கை அனுப்பும், தேவைப்பட்டால் லிஃப்டை ஓடவும் வைக்கும். அதற்காக அதன் கையில் பதினான்கு கருவிகளைக் கொடுத்திருந்தார்கள். கருவி என்றால் ஸ்பேனர், திருப்புளி இல்லை. "மெக்கானிக்கை அனுப்பு", "புகாரை முடி", "மறுதொடக்கம்" என்று ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு காரியம். எந்த நேரத்தில் எதை எடுப்பது என்று ஏஜென்டே முடிவு செய்யும். ஒவ்வொரு கருவியோடும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அதைப் படித்துத்தான் அது முடிவு செய்கிறது. வேறு வழி அதற்குக் கிடையாது.

வெள்ளோட்டத்துக்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக ஒரு கட்டடத்தை உண்டாக்கி, ஏஜென்டை அதில் இறக்கிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். "லிஃப்டுல விசிறி ஓடல" என்றார் முதலாளி. ஏஜென்ட் உடனே லிஃப்டை மறுதொடக்கம் செய்தது. "லைட்டு மினுக்குது" என்றார். மறுதொடக்கம். "ஏதோ சத்தம் வருது." மறுதொடக்கம். "என்னய்யா, எத்தன தடவ சொல்றது, கேக்க மாட்டியா?" என்று எரிந்து விழுந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, புகாரை முடித்து மூடிவிட்டது.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றே அதற்குப் புது மருமகள் என்று பெயர் வைத்துவிட்டோம்: சொன்னதை எல்லாம் சட்டென்று செய்கிறது, எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "மொத்தப் பணத்தையும் தூக்கி முட்டாளுக்குக் குடுத்துட்டேன்" என்றார். ஏஜென்டைப் பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர் நெற்றியைத் தேய்த்தபடி, இதைவிடப் பெரிய ஏஜென்ட் ஒன்று இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட என்று இழுத்தார்.

சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. "அந்த மறுதொடக்கத்துக்கு என்ன குறிப்பு எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்றாள்.

கம்ப்யூட்டர்காரர் திரையைத் திருப்பினார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி: "மறுதொடக்கம்: லிஃப்டை மறுதொடக்கம் செய்யும்." அடுத்தது: "புகாரை முடி: புகாரை முடிக்கும்."

அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்கு நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். "மாமியார் ஒடச்சா மண்குடம், மருமக ஒடச்சா பொன்குடம். அது முட்டாள் இல்லைங்க. நீங்கதான் அதுக்கு ஒண்ணுமே சொல்லல. கருவியோட பேரையே திருப்பி எழுதி வெச்சிருக்கீங்க. எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாது, எடுத்தா என்ன ஆகும், ஒண்ணும் இல்ல. இது இருட்டுல நிக்கிது. செவுரு எங்க, பொத்தான் எங்கன்னு யார் சொல்வா அதுக்கு?" என்றவள் பலகையைக் கை காட்டினாள். "இத அது பாக்குமா?"

பார்க்காது. அது ஆணியில் தொங்கும் அட்டை. கம்ப்யூட்டர்காரருக்கே அந்தப் பலகை எதற்கென்று தெரியாது. அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தாராம். அதைக் கேட்டதும் எங்கள் ஒன்பது பேர் முகத்திலும் இருந்த சிரிப்பு செத்துவிட்டது. ஒன்றாம் தேதி அந்த ஏஜென்ட் நிஜக் கட்டடங்களுக்கு வரப்போகிறது. அதன் கையில் மறுதொடக்கம் இருக்கிறது. மேலே நாங்கள் இருப்போம்.

மறுதொடக்கத்தைப் பிடுங்கிவிடலாம் என்றான் ஒருவன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் புகார்கள் அதனால்தான் தீரும், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஒப்பந்தமே அதை நம்பித்தான் இருக்கிறது என்றார். கடைசியில் என் மனைவியைப் பார்த்து, "ரெண்டு வாரம் தர்றேன். நீங்களே எழுதுங்க. சரியா வரலன்னா அந்தக் கருவிய எடுத்துடறேன்" என்றார். "எடுத்துடறேன்னு எழுதிக் குடுங்க" என்றாள் இவள். எழுதி வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

முதல் நான்கு நாளில் பதினொரு பக்கம் எழுதினாள், மறுதொடக்கத்துக்கு மட்டும். எந்த மெக்கானிக் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவான், எந்தக் கட்டடத்துச் செயலாளர் பொய் சொல்வார் என்பதுவரை அதில் இருந்தது. பெருமையோடு கொண்டுபோய் ஏற்றினார்கள். ஏஜென்ட் பதினொரு பக்கத்தையும் படித்துவிட்டு, எது முக்கியம், எது சும்மா என்று தெரியாமல் தடுமாறியது. விசிறி ஓடவில்லை என்றவரிடம் அவருடைய கட்டடச் செயலாளரின் குணத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பையைத் தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டு அழுதாள். எனக்கு அவளைச் சமாதானப்படுத்தத் தெரியாது. டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்து.

அதைக் குடித்துப் பார்த்தவள் என்னையே உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு டீ போடுன்னா டீ மட்டும்தான் வரும், இல்ல? நாளைலேர்ந்து நீங்கதான் ஏஜென்ட்" என்றாள்.

மறுநாள் காலை சமையலறைச் சாமான்கள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எழுதியதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று நான் நடந்துகொள்ள வேண்டும். பால் பாத்திரத்தில் "பால் காய்ச்சும்" என்று இருந்தது. "எனக்குச் சூடா பால் வேணும்" என்றாள். பாத்திரத்தை அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் காலிப் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. "பால ஊத்தணும்னு எழுதலியே" என்றேன். இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பத்துக்காக நான் பத்தொன்பது வருடம் காத்திருந்தேன், சும்மா விடுவேனா? அடுத்த குறிப்பில் பால் ஊற்றச் சொன்னாள், எப்போது இறக்குவதென்று சொல்லவில்லை. பொங்கி வழிவதைக் கைகட்டி வேடிக்கை பார்த்தேன். அதற்கடுத்ததில் "பொங்கியதும் அணைக்கவும்" என்றாள். அடுப்பை அணைத்தேன், எரிவாயு உருளையைத் திறந்தபடி விட்டுவிட்டு. இரண்டு பாத்திரம் பாழாயிற்று. அவளோ குதூகலமாக நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வந்த குறிப்பு ஐந்தே வரி. அதில் எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. என்ன செய்யும், எப்போது எடுப்பது, எப்போது தொடவே கூடாது, எடுக்கும் முன் என்ன பார்ப்பது, திரும்பி வருகிற பதிலுக்கு என்ன பொருள். பாலும் சரியாக வந்தது. பிறகு இதே மாதிரி பதினான்கு கருவிகளுக்கும் எழுதினாள். "புகாரை முடி" என்பதற்கு இப்படி எழுதினாள்: "லிஃப்ட் ஓடுகிறது என்று புகார் சொன்னவரே சொன்ன பிறகுதான் முடிக்க வேண்டும். அவர் கோபமாக இருப்பது முடிப்பதற்குக் காரணம் ஆகாது." கட்டடத்தின் பெயரைக் கேட்காதே, கதவுக்குமேல் தகட்டில் உள்ள எண்ணைக் கேள் என்று எழுதினாள், ஏனென்றால் ஒரே பெயரில் எங்களுக்கு நான்கு கட்டடங்கள் இருக்கின்றன.

பலகைக்கும் ஒரு கருவி செய்யச் சொன்னாள். மெக்கானிக் ஏறிட்டேன் என்று ஏஜென்டிடம் சொன்னால் அது பதிந்துகொள்ளும். ஃபோன் அறையில் இவளுக்கும் இவளோடு வேலை செய்யும் பெண்களுக்கும் சொல்லும், அவர்கள் அட்டையைத் திருப்புவார்கள். அந்தக் கருவிக்குப் பெயர் "மேலே ஆள் உண்டா". கம்ப்யூட்டர்காரர் செய்து கொண்டுவந்தார். யாரும் ஏறாவிட்டால் "இல்லை" என்று பதில் வந்தது. அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "இல்லன்னு அதுக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலன்னுதான் தெரியும். 'பதிவு இல்லை'ன்னு மாத்துங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றினார்.

கடைசியாக மறுதொடக்கம். அதைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரில் உட்கார்ந்து படித்தேன். அதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் எனக்கு அது மனப்பாடம்:

"நின்றுபோன லிஃப்டைத் தூரத்திலிருந்து மீண்டும் ஓட வைக்கும். பெட்டி முதலில் உச்சிக்குப் போகும், நடுவில் நிறுத்த முடியாது. பெட்டியின் கூரைமேல் ஆள் இருந்தால் அவர் இறந்துவிடுவார். லிஃப்ட் நின்றுபோன புகாருக்கு மட்டுமே இது. விளக்கு, விசிறி, சத்தம் என்றால் தொடாதே. முதலில் 'மேலே ஆள் உண்டா' என்று பார். 'பதிவு இல்லை' என்று வந்தால், யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள், யாரும் இல்லை என்று அல்ல. அந்தப் புகார் ஒரு மெக்கானிக்கின் பேரில் இருந்தால் அவரைக் கூப்பிட்டு, இறங்கிவிட்டதாக அவர் வாயாலேயே கேள். வேறு யார் சொன்னாலும் ஏற்காதே. பதில் இல்லையென்றால் ஆள் இருக்கிறார். ஃபோன் அறைக்கு மாற்று."

இறந்துவிடுவார் என்றெல்லாம் எழுத வேண்டுமா என்று கம்ப்யூட்டர்காரர் பிறகு தயங்கினாராம். "ஏன்னு தெரிஞ்சாத்தான், நான் எழுதாத எடத்துலகூட அதுக்கு யோசிக்கத் தோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். என் ஆட்சேபம் வேறு. அந்தக் கடைசிப் பகுதி.

"இது எதுக்கு? நீளமா இருக்குன்னு நீதான சொன்ன? வெட்டு" என்றேன். "சொல்லாம கொள்ளாம எந்த மெக்கானிக் மேல ஏறுவான்? இருபது வருஷத்துல ஒருத்தன் ஏறியிருக்கானா?"

அவள் பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "நீங்க ஏறுவீங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் அனுபவம் என்ன, ஜாக்கிரதை என்ன, என்னைப் பார்த்தா இப்படி? இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ரேடியோ இரண்டு நாள் ஓடாமல் இருந்தது கம்பெனி வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அந்த வரிகளை அவள் வெட்டவில்லை.

பதினான்காம் நாள் பரீட்சை. நூறு பொய்ப் புகார்கள், எல்லாம் அவளே தயாரித்தவை, ஜனங்கள் நிஜமாகப் பேசுகிற மாதிரியே: பாதி அழுகை, பாதி வசவு, நடுவில் எண் தப்பு. அதே ஏஜென்ட், பெரியது எதுவும் வாங்கவில்லை. விசிறி ஓடவில்லை என்றதற்கு மெக்கானிக்கை அனுப்பியது. திட்டியவரிடம் பொறுமையாக இருந்தது, புகாரை மூடவில்லை. தொண்ணூறு தாண்டியதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நூறும் சரியாக வந்தபோது அந்த ஃபோன் அறையில் எழுந்த சத்தத்தில் மாடியில் இருந்தவர்கள் பயந்துபோய் இறங்கி வந்தார்கள். கம்ப்யூட்டர்காரர் அவளுக்குக் கை கொடுத்துவிட்டு, "நான் இத்தன நாளா எழுதுனதெல்லாம் எனக்கு நானே எழுதிக்கிட்டது அக்கா" என்றார். நானும் கைதட்டினேன். முகத்தை மட்டும் இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

இனி என் பெருமைக்குரிய பகுதி. ஏஜென்ட் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. எனக்கு ஒரு குறை. முன்பெல்லாம் ஏறிட்டேன் என்று சொல்லக் கூப்பிட்டால் அவள் குரல் வரும். "சரி, பாத்து" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே சில நாள் இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். இப்போது புது மருமகள் எடுக்கிறது. ஒரு மெஷினிடம் போய் ஏறிட்டேன், இறங்கிட்டேன் என்று கைகட்டி நிற்பதா? மெல்ல மெல்லச் சொல்வதை விட்டுவிட்டேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. மற்றவர்களில் இரண்டு மூன்று பேரும் அப்படித்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

அன்று காலை பதினொரு மணி, ஒரு எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் நாலாவது மாடிக்குச் சற்றுமேல் நின்றிருந்தது. ஐந்தாவது மாடிக் கதவைத் திறந்து, பையை வெளியே வைத்துவிட்டுப் பெட்டியின் கூரைமேல் இறங்கினேன். ஃபோன் பையில் இருந்தது. கூரைமேல் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதை அழுத்திவிட்டால் யாராலும் பெட்டியை அசைக்க முடியாது. இரண்டு நிமிட வேலைக்கு அது எதற்கு என்று அதையும் விட்டேன். சொல்லவும் இல்லை, அழுத்தவும் இல்லை. பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் நான் பாடிய பாட்டு எனக்கே கேட்கவில்லை.

கீழே என்ன நடந்தது என்பதைப் பின்னால் ஒலிப்பதிவில் கேட்டேன். மூன்றாவது மாடிக்காரர் ஒருவர் ஃபோன் செய்திருக்கிறார். அவர் மனைவிக்குக் காலில் கட்டு, டாக்டரிடம் போக வேண்டும், லிஃப்ட் வேண்டும். ஏஜென்ட் தகட்டு எண்ணைக் கேட்டது. மேலே ஆள் உண்டா என்று பார்த்தது: பதிவு இல்லை. புகார் என் பேரில் இருந்தது.

"மெக்கானிக்கெல்லாம் போயிட்டான்! பையோட வெளிய போனத என் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினார் அவர். அவர் பார்த்தது தண்ணீர் வடிகட்டி பழுது பார்க்க வந்தவரை.

"நன்றி. ஆனால் அவரே சொல்ல வேண்டும். ஒரு நிமிடம், அவரைக் கூப்பிடுகிறேன்" என்றது ஏஜென்ட்.

என் ஃபோன் பைக்குள் அடித்தது. நான் பாடிக்கொண்டிருந்தேன்.

"சும்மா ஒரு பொத்தான அமுக்க உனக்கு என்ன கேடு? உங்க முதலாளிகிட்டப் பேசறேன்! புகார் எழுதிக் கிழி கிழின்னு கிழிச்சிடுவேன்!"

அடுத்து வந்ததை நான் எழுந்து நின்றுதான் கேட்டேன், உட்கார முடியவில்லை. அந்த நிதானமான குரல் சொன்னது: "அவரிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் அவர் மேலே இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இப்போது லிஃப்டை ஓட வைத்தால் அவர் இறந்துவிடலாம். உங்களை ஃபோன் அறைக்கு மாற்றுகிறேன்."

ஃபோன் அறையில் எடுத்தது இவள். அவரிடம் விவாதமே வைத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் நாலுக்குமேல் நிற்கிறது என்று புகாரில் இருந்தது, அப்படியானால் நான் ஐந்தாவது மாடி வழியாகத்தான் இறங்கியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். "சார், உங்க வீட்டம்மா நல்லபடியா டாக்டர்கிட்டப் போவாங்க, நான் பொறுப்பு. அஞ்சாவது மாடிக்குப் போங்க. லிஃப்ட் கதவுக்கு வெளிய நீல நிறத்துல ஒரு பை இருக்கான்னு பாருங்க. இருந்தா கதவுகிட்ட நின்னு 'ரேடியோ'ன்னு கத்துங்க. பதிலுக்கு வாய் ஓயாம ஒருத்தர் பேசுவாரு. அவர்தான்."

திட்டிக்கொண்டே ஏறிய மனிதர் நீலப் பையைப் பார்த்ததும் சப்தநாடியும் ஒடுங்கிப் போனாராம். அவர் "ரேடியோ" என்று போட்ட கூச்சலில் நான் எண்ணெய்க் குப்பியைக் கீழே போட்டேன். கதவிடுக்கில் தெரிந்த அவர் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "தம்பி, நான் ஓட்டச் சொன்னேன் தம்பி. நீ போயிட்டன்னு சொல்லிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் புரிந்ததும் ஐந்தாவது மாடித் தரைக்கு ஏறி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாய் அடைத்துவிட்டது. ரேடியோவின் வாய்.

பிறகு அந்த லிஃப்டைச் சரிசெய்து, அவர் மனைவியை நானே கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். ஃபோன் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். முதலாளி பதிவை ஒரு தடவை எல்லோருக்குமாகப் போட்டார். அப்புறம் எங்களில் மூத்த மெக்கானிக், யாரையும் பாராட்டியே அறியாத ஆள், என் மனைவியின் முன்னால் போய் நின்று கைதட்டத் தொடங்கினார். அறை முழுக்கத் தட்டியது. மாடிப்படியில் நின்றவர்களும் தட்டினார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதே பதிவைக் கேட்டுவிட்டு அந்த வாரமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இன்றைக்கு ஏஜென்டுக்கு முப்பத்தொரு கருவிகள், முப்பத்தொன்றுக்கும் குறிப்பு அவள் கையெழுத்து. அவள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தக் கருவியும் உள்ளே போக முடியாது. வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து அவளிடம் பாடம் கேட்டுவிட்டுப் போனார்கள். பலகைக்குமேல் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள்: பதில் இல்லையென்றால் ஆள் இருக்கிறார்.

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் கலைந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பலகையில் அந்தக் கட்டடத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளையாகவே இருந்தது, நான்தான் சொல்லவே இல்லையே.

"அந்த வரிய வெட்டச் சொன்னவன் நான்" என்றேன்.

"தெரியும்."

"அந்த ஒரு வரிய மட்டும் எனக்காகத்தான எழுதுன?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. "பின்ன? முழுக் குறிப்பும் உங்களுக்காகத்தான் எழுதுனேன். மத்தவங்களுக்கும் ஆச்சு" என்றாள்.

மறுநாள் காலை வேறொரு கட்டடம். பையைத் திறந்து ஃபோனை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கதவைத் திறந்து, வெளியிலிருந்தே எட்டிக் கூரைமேல் இருந்த சிவப்பு சுவிட்சை அழுத்தினேன். ஃபோன் அறையின் எண்ணைப் போட்டு, அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, "அறுபத்தேழு! ஏறிட்டேன்!" என்று கத்தினேன்.

"பதிந்துகொண்டேன். அறுபத்தேழில் நீங்கள் மேலே இருக்கிறீர்கள்" என்றது புது மருமகள். பிறகு, குறிப்பில் இருந்தபடியே, "பார்த்து" என்றது.

அந்தச் சொல்லை அதற்கு எழுதிக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.